நாரைத் தலை வண்டி

மயிலாப்பூர் வீட்டு ரேழியில் தாத்தாவின் ராலே சைக்கிள் நிற்கிறது. நாட்டிங்ஹாமில் ராலே தெருவில் பிறந்த கம்பெனி அது. குழாய்கள் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். உருக்கிய பித்தளை உள்ளே ஓடி உறைந்திருக்கும். முன்னால் நாரைத் தலை முத்திரை.

1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கே சைக்கிள் செய்ய இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் கைகோத்தார்கள்; அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிள் வந்தது. 1960இல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ராலேயையும் வாங்கிவிட்டது.

ரேழியில் நிற்கும் இந்த ராலே தாத்தாவுக்கும் செகண்ட் ஹேண்டுதான். செயின் கவரில் அவர் பெயர் வெள்ளைப் பெயின்டில் இருக்கிறது. சாய்வான வெயிலில் அதன் அடியில் இன்னொருவர் பெயர் மேடாகத் தெரியும்: முதலில் வாங்கிய வக்கீல் குமாஸ்தா. உப்புத்தாள் போட எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் மட்டும் விடுகிறேன்.