இசைத்தட்டில் ஒதுங்கி நின்ற தவில்

பிற்காலத்தில் கோவில்பட்டியைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் 1964ஆம் ஆண்டு மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் இசைத்தட்டு அவர் புகழைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. பழைய நாகசுர இசைத்தட்டுகளைக் கேட்போர் குழலின் இனிமையிலேயே மூழ்கிப்போவர். பின்னால் மங்கலாகக் கேட்கும் தவிலை, அடக்கமான பக்கவாத்தியம் என்றே எண்ணிவிடுவர். அது கலைஞரின் அடக்கமன்று; ஒலிப்பதிவுப் பொறியின் கட்டாயம்.

1902இல் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுகளைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. ஒலி ஒரு பெரிய கூம்பின் வழியே சென்று, சவ்வை அதிரச் செய்து, மெழுகுத் தட்டில் ஊசியால் கீறப்பட்டது. குரல் கூம்பின் வாயருகே. ஓங்கி முழங்கும் கருவிகள் தொலைவில். பலத்த அடி விழுந்தால் கீற்று அடுத்த கீற்றின்மேல் பாய்ந்து தட்டே பாழாகும். தாழ்ந்த ஒலிகளோ கூம்புக்குள் ஏறுவதே இல்லை.

தவிலின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. பலாமரத்தில் குடைந்த உடல். விரல்களில் கூடுகள் அணிந்து வாசிக்கும் வலந்தலை. கழியால் அடிக்கும் மறுதலை. திருவீதியின் மறுகோடிக்கும் கேட்க வேண்டுமென்று பிறந்த வாத்தியம் அது. அதை மூன்று நிமிடத் தட்டுக்குள் அடைத்ததில், மணிக்கணக்காக விரியும் தனி ஆவர்த்தனம் முதலில் பலியாயிற்று.

1925இல் மேனாடுகளில் மின் ஒலிப்பதிவு வந்து, சில ஆண்டுகளில் இங்கும் பரவியது. மைக், தாழ்ந்த ஒலியையும் பிடித்தது. ஆயினும் எல்லாம் ஒரே தடத்தில் கலந்தன. இரு தவில்கள் மாறிமாறிக் கேள்வியும் பதிலுமாக வாசிக்கும் கச்சேரியில், எது யாருடைய கை என்று தேர்ந்த செவியே பிரித்தறிய முடியும்.

இதற்கான வழியை 1931லேயே ஆங்கிலப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் கண்டுவிட்டார்: ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு வேறு ஒலிகள். ஆனால் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1958இல்தான். மறு ஆண்டே அமெரிக்காவில் கமாண்ட் நிறுவனம், ஈனாக் லைட் தயாரித்த 'பெர்சுவேசிவ் பெர்கஷன்' என்னும் தட்டை வெளியிட்டது. அதில் தாளக் கருவிகள் இடமும் வலமுமாகத் தாவின. இசையைவிட வித்தை மிகுதி என்று சொல்லத் தோன்றும். எனினும் தாளக் கருவியை அரங்கின் நடுவில் அமர்த்திய துணிவு அத்தட்டுக்கு உண்டு. ஒலிப்பெட்டி விற்கும் கடைக்காரர்களுக்கும் அது வாய்ப்பாகவே அமைந்திருக்கும்!

தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோவின் தொடக்கமாகச் சுட்டப்படுவது, 1978இல் இளையராஜா இசையமைத்த 'ப்ரியா'. அதற்குள் அருணாசலம் மறைந்து பதினான்கு ஆண்டுகள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) மறைந்து மூன்று ஆண்டுகள். இரட்டைத் தவிலுக்கென்றே கண்டுபிடித்தாற்போன்ற கருவி, அதன் பொற்காலத்திற்குப் பின்னரே இங்கு வந்து சேர்ந்தது. அருணாசலத்தின் பழைய இசைத்தட்டுகளை இன்று எத்துணை உயர்ந்த கருவியில் கேட்டாலும், இரு ஒலிபெருக்கிகளும் ஒரே ஒலியையே தருகின்றன.