சயாம் நாட்டு மாம்பழச் சோறு

சென்ற ஆண்டுச் சித்திரை விழாவின் விருந்தில் சயாம் நாட்டு மாம்பழச் சோற்றைப் படைக்கலாம் என்று நாம் செயற்குழுவில் கூறியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் வாய் திறவாதிருந்தார். கூட்டம் கலைந்தபின் நம்மைத் தனியே அழைத்து, "தம்பி, எங்கள் வீட்டில் சயாம் என்ற பெயரையே சொல்ல மாட்டோம்" என்றார். மலாயாவில் தோட்டத் தொழிலாளியாக இருந்த அவருடைய தந்தையார், 1943-இல் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்கு ஜப்பானியரால் கொண்டு செல்லப்பட்டவர், மீளவில்லை.

அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. போர்க்கைதிகளினும் ஆசியக் கூலிகளே மிகுதியாக மாண்டனர். அவருள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள. நம்மவருள் மிகப் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. இருப்புப்பாதையிலேயே ஊதியம் பெறும் நமக்குப் பெரியவரின் சொல் முள்ளாய்த் தைத்தது.

எனினும், இன்று தாய்லாந்து எனப்படும் அந்நாட்டோடு நமக்குள்ள உறவு அந்த ஓராண்டில் தொடங்கியதன்று. அங்குள்ள தகுவாபா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் 'அவனிநாரணம்' எனப்பட்ட குளத்தையும், அதனைக் காத்த மணிக்கிராம வணிகரையும் குறிக்கிறது. பாங்காக்குத் தேவஸ்தானத்தில் ஆண்டுதோறும் நிகழும் விழாவின் பெயர்களான திரியம்பவாய், திரிபவாய் என்பன திருவெம்பாவையும் திருப்பாவையுமே அன்றி வேறல்ல.

இனி, சோற்றுக்கு வருவோம். அதனை அவர்கள் 'காவ் நியாவ் மாமுவங்' என்பர். காவ் என்பது அரிசி, நியாவ் என்பது ஒட்டுவது. வடசயாமிலும் லாவோசிலும் இவ்வொட்டரிசியே அன்றாட உணவு. மற்ற அரிசியில் இருவகை மாச்சத்து உண்டு. அவற்றுள் அமைலோஸ் என்பது இதில் இல்லாததற்குச் சமம். ஆதலின் வெந்ததும் பசைபோல் ஒட்டும். நாம் வாழும் இக்குவாஹாத்தியில் இதற்கு அலைய வேண்டுவதில்லை. அசாமியர் பிகுவன்று தயிரும் வெல்லமும் கூட்டி உண்ணும் போரா அரிசி இவ்வினத்ததே. 1228-இல் இந்நாடு புகுந்த அகோமியரும் தாய் மொழி இனத்தவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. செட்டிநாட்டார் பர்மாவினின்று கொணர்ந்த கவுனியரிசியும் இதன் உறவே.

முதன்முறை நாம் இதனைக் குக்கரில் நீர்விட்டு வேகவைத்தோம், களியாயிற்று. சுவரொட்டி ஒட்டலாம் என்றனர் பிள்ளைகள். இவ்வரிசியை நீரிலிட்டு வேகவைத்தல் கூடாது. கால் கிலோ அரிசியை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, இட்டலிப் பானையில் துணி விரித்து அரைமணி நேரம் ஆவியில் அவிக்க வேண்டும். அதற்குள் 300 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலில் 100 கிராம் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சூடேற்றுக; கொதித்தால் பால் திரிந்துவிடும். தேங்காய்ப்பாலில் உப்பா என்று முகஞ்சுளித்தார் நம் இல்லத்தரசியார். சர்க்கரைப் பொங்கலுக்குத் தாம் இடும் ஒரு சிட்டிகை உப்பை அவர் மறந்தார் போலும்! சோறு சூடாயிருக்கும்போதே பாலை ஊற்றி மூடிவைத்தால் அரைமணியில் முழுதும் உறிஞ்சிக்கொள்ளும். பின் கனிந்த மாம்பழத்தை அரிந்து பக்கத்தில் வைத்து, சிறிது கெட்டிப்பாலும் வறுத்த பாசிப்பருப்பும் மேலே தூவ வேண்டும். சயாமில் 'நாம் தோக் மாய்' என்னும் மாம்பழம் சிறப்புடையது. நமக்குப் பங்கனப்பள்ளி வாய்த்தது.

விருந்தன்று பெயர்ப்பலகையில் 'மாம்பழச் சோறு' என்று மட்டுமே எழுதினோம். பெரியவரின் இலையில் நாமே பரிமாறினோம். மாம்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாக உண்டார், சோற்றைத் தொடவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. எழுந்து கைகழுவச் செல்லுகையில், அக்கல்வெட்டு இருக்கும் ஊர் எது என்று வினவினார். தகுவாபா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.