ஹடப்சரில் பிரியும் இரு பல்லக்குகள்

புணே நகரின் தென்கிழக்கே, சோலாப்பூர்ப் பெருவழியிலிருந்து சாஸ்வட் செல்லும் பாதை கிளைக்கின்ற இடத்தில் அமைந்த ஹடப்சர், இன்று மகர்பட்டாவின் கணினி நிறுவனங்களாலும் அவற்றை நாடி வந்து குடியேறிய நம்மவர் பலராலும் அறியப்படுவதாயினும், ஆஷாட ஏகாதசிக்கு இரண்டு வாரங்களுக்கும் சற்று அதிகமாக முந்திய நாளொன்றில், தன் பழைய முக்கியத்துவத்தை ஒவ்வோராண்டும் மீளப் பெறுகின்றது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளையும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளையும் சுமந்து பண்டரிபுரம் செல்லும் இரு பல்லக்குகளும், புணேயில் தங்கிய பின் ஒரே நாளில் இவ்வூரை அடைந்து, காடிதள் என்னும் சந்திப்பில் வழி பிரிகின்றன. ஞானேசுவரர் வலப்புறம் திரும்பித் திவே கணவாய் ஏறிச் சாஸ்வட் செல்ல, துக்காராம் நேர்வழியே லோணி கால்போர் செல்கிறார்.

இப்பிரிவுக்குக் காரணம் தெய்வ சங்கல்பமன்று. துக்காராமின் இளைய குமாரர் நாராயண மகாராஜ், 1685ஆம் ஆண்டில், தம் தந்தையின் பாதுகைகளைப் பல்லக்கிலேற்றி, ஆளந்திக்குச் சென்று ஞானேசுவரரின் பாதுகைகளையும் உடன் சேர்த்துப் பண்டரிக்கு எடுத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒன்றாகவே சென்ற ஊர்வலம், வழித்தோன்றல்களுக்குள் உரிமைப் பிணக்கு முற்றியபின், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாயிற்று. சிந்தியாவின் சேவையிலிருந்து விலகி ஆளந்தியில் துறவியாய் வாழ்ந்த ஹைபத்பாபா, அங்கலியின் ஷிதோளே சர்தாருடைய உதவியுடன் ஞானேசுவரரின் பல்லக்கைத் தனியே நடத்தலானார். இத்தகைய செய்திகளில் எவரும் ஐயம் எழுப்புவதில்லை. ஏனெனில் அதிசயம் எதையும் நம்பும்படி அவை நம்மைக் கேட்பதில்லை. ஆனால் பல்லக்கைப் பின்தொடரும் வார்கரி அடியார் நெஞ்சில் இருப்பவை இவையல்ல. பைட்டணில் எருமையை வேதம் ஓதச் செய்த ஞானதேவரும், நதியிலாழ்ந்த ஏடுகள் பதின்மூன்றாம் நாள் நனையாது மிதந்து வரப்பெற்ற துக்கோபாவுமே அவர் அறிந்த சரித்திர புருஷர்கள். இவ்விரு அற்புதங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது வழக்கமாயிருப்பினும், சாட்சியத்தைப் பொறுத்தவரை அவை ஒரே எடையுடையன அல்ல என்பதே என் கருத்து.

முதலில் ஞானேசுவரர். அவருடைய பகவத்கீதை வியாக்கியானமாகிய ஞானேசுவரி, யாதவ மன்னன் ராமச்சந்திரனின் ஆட்சியில், கோதாவரி தீரத்தில், சக வருஷம் 1212இல், அதாவது கி.பி. 1290இல், சச்சிதானந்த பாபா எழுத்தராக இருக்க நிறைவேறியதென்று அந்நூலின் இறுதிப் பகுதியே கூறுகின்றது. இடைக்கால இந்திய நூலொன்று தன் பிறந்த நாளை இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம். அந்த நூலில் எருமையும் இல்லை. யோகி சாங்கதேவரை எதிர்கொள்ள ஞானேசுவரரைச் சுமந்து நகர்ந்ததாகச் சொல்லப்படும் மதிற்சுவரும் இல்லை. அவை நாமதேவரின் பெயரால் வழங்கும் பாடல்களில் உள்ளன; ஆனால் 'நாமா' என்ற முத்திரையைப் பிற்காலக் கவிஞரும் மேற்கொண்டமையால், எந்தப் பாடல் எவருடையது என்பதே தீராத வழக்காகும். இக்கதைகளுக்குப் பரவலான வடிவம் தந்த மஹீபதியின் பக்தவிஜயமோ 1762இல் எழுந்தது. சம்பவத்துக்கும் நூலுக்கும் இடையே நானூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரத்வாஜர் என்னும் புனைபெயரில் எழுதிய சிவராம் ஏகநாத் பார்டே, ஞானேசுவரி இயற்றியவரும் அபங்கம் என்னும் மராத்திப் பக்திப் பாடல்களைப் பாடி ஆளந்தியில் சமாதியடைந்த கவிஞரும் வெவ்வேறானவர் என்று வாதிட்டு மகாராஷ்டிரத்தையே கலங்கவைத்தார். அவ்வாதம் நிலைபெறவில்லை, எனினும் அதற்கு மறுப்புரைத்த பக்தர்களும் ஏட்டுப் பிரதி, மொழிநடை, காலக்கணிப்பு ஆகியவற்றைக் கொண்டே போராட நேர்ந்ததென்பது கவனிக்கத்தக்கது.

துக்காராமின் நிலை வேறு. சூத்திரராகிய அவர் வேதப் பொருளை மராத்தியில் பாடுவது தகாதென்று, ஹடப்சருக்கு வடக்கே வெகுதூரமில்லாத வாகோலியைச் சேர்ந்த ராமேசுவர பட்டர் ஆட்சேபிக்க, அதன் விளைவாக அவர் தம் ஏடுகளைக் கல்லோடு கட்டி இந்திராயணியில் இட்டுவிட்டு, உண்ணாமல் இறைவன் வாயிலில் தர்ணா கிடந்தார் என்பது வரலாறு. இதற்கு மூன்று குரல்கள் சாட்சி சொல்கின்றன. துக்காராமின் அபங்கங்களிலேயே, இறைவனைச் சோதித்துச் சிரமப்படுத்திவிட்டேனே என்ற கழிவிரக்கம் ஒலிக்கின்றது. எதிர்த்து நின்று பின்னர் அவர் அடியாராகிவிட்ட ராமேசுவர பட்டரின் பெயர்முத்திரையோடு வழங்கும் ஆரத்திப் பாடல், ராமன் கடலில் கல் மிதக்கச் செய்ததோடு இச்செயலை ஒப்பிடுகின்றது. மூன்றாமவர் பஹினாபாய், அந்தணர் குலத்திற் பிறந்து, கணவரின் எதிர்ப்பை மீறித் துக்காராமைக் குருவாக வரித்து, தம் வாழ்க்கையையே அபங்கங்களாகப் பாடிய அப்பெண்மணி, பதின்மூன்று நாள் நீரில் கிடந்த ஏடுகளைக் குறிப்பிடுகிறார்.

இவர்கள் யாவரும் அக்காலத்தவர். இவர்களுள் ஒருவர் எதிர்க்கட்சியிலிருந்து வந்தவர். நீதிமன்றத்தில் இத்தகைய சாட்சிகளை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் பஹினாபாய் ஆற்றங்கரையில் நின்றவரல்லர், கேட்டதைச் சொன்னவர். ஆரத்தியின் ஆசிரியர் இன்னாரென்பதற்கு அப்பாடலின் முத்திரையே ஆதாரம். ஆகவே, ஏடுகள் நீரிலிடப்பட்டன என்பதையும், அவற்றின் பொருட்டு ஒரு கவிஞர் பட்டினி கிடந்தார் என்பதையும், பின்னர் பாடல்கள் மீண்டன என்பதையும் ஏற்பதற்கு நியாயமிருக்கிறது. அவை எவ்வாறு மீண்டன என்பதைச் சாட்சிகள் தீர்மானிக்கவில்லை. பாடல்கள் மக்களின் நினைவில் மிதந்து வந்தன என்று பகுத்தறிவாளர் கூறும் விளக்கம் அழகியதே. ஆனால் அதற்கும் ஏட்டுச் சான்று எதுவுமில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துக்காராமின் சொல்லைப் பொதுவில் நம்பலாமென்பதற்கு ஒரு சோதனையுண்டு. பஞ்சத்தில் தம் முதல் மனைவி சோறின்றி மாண்டதையும், கடன்பட்டு வணிகம் நொடித்ததையும் அவர் பாடியிருக்கிறார். 1630இலும் அடுத்த ஆண்டுகளிலும் தக்காணத்தையும் கூர்ஜரத்தையும் வாட்டிய அக்கொடும் பஞ்சத்தை, ஷாஜஹானின் அரசவைச் சரித்திரமாகிய பாதுஷாநாமாவும் ஆங்கில வணிகர் பீட்டர் மண்டியின் பயணக் குறிப்பும் தனித்தனியே உறுதி செய்கின்றன.

தமிழராகிய நமக்கு இவ்வழக்கு அன்னியமன்று. வைகை வெள்ளத்தை எதிர்த்து ஏறிச் சென்ற சம்பந்தரின் ஏடு திருவேடகத்தில் நின்ற கதை, இந்திராயணிக் கதையின் உடன்பிறப்பேயாகும். 7ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சியை விரித்துரைத்த சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். ராஜராஜன் காலத்தில் தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பதை நம்புவோர், அதற்கு முன்பே 9ஆம் நூற்றாண்டில், திருவல்லத்துக் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் கூறப்பட்டிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏடு அடைபட்டிருக்கையில் பாட்டு கோயிலில் ஒலித்துக்கொண்டிருந்தது. இந்திராயணிக்குப் பகுத்தறிவாளர் ஊகிப்பதற்கு இங்கே கல்லே சான்று தருகின்றது.

துக்காராம் உடலோடு வைகுண்டம் புகுந்தாரென்பது தனி வழக்கு. 1649 அல்லது 1650இல் அவர் மறைந்தாரென்பதற்கப்பால், பகைவரால் கொல்லப்பட்டார் என்போரும், யாத்திரை போய்த் திரும்பவில்லை என்போரும் உளர். புணேயின் பிரபாத் கம்பெனி 1936இல் எடுத்த படமும், முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்து 1938இல் வெளிவந்த தமிழ்ப் படமும் அவ்வைகுண்டக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. அவரை வைகுண்டத்துக்கு ஏற்றிச் செல்வதாக வெண்திரையிற் கண்ட கருடனே பலருக்குப் பிரமாணமாகிவிட்டது போலும்!

ஆய்வாளர் நெடுங்காலம் உழைத்தது வானத்தைப் பற்றியல்ல, காகிதத்தைப் பற்றி. பம்பாய் அரசாங்கத்தின் பொருளுதவியோடு, தேஹு, தளேகாவ், கடூஸ், பண்டரிபுரம் ஆகிய இடங்களின் பிரதிகளை ஒப்புநோக்கி, 1869இலும் 1873இலும் இரு பாகங்களாக விஷ்ணு பரசுராம சாஸ்திரி பண்டிதரும் சங்கர் பாண்டுரங்க பண்டிதரும் பதிப்பித்த தொகுப்பில் 4,600க்கும் மேற்பட்ட அபங்கங்கள் இருந்தன. பின்னர், துக்காராமின் சீடரும் சாகணில் செக்காட்டியவருமான சந்தாஜி ஜக்நாடேயின் கையேடுகளைக் கொண்டு வி.ல. பாவே வெளியிட்டதில் ஏறத்தாழ 1,300 மட்டுமே இருந்தன.

நதியில் மூழ்கி மீண்டதென்று போற்றப்படும் ஏடே, துக்காராமின் கையெழுத்தென்ற உரிமையோடு, தேஹு விட்டல் கோயிலில் இன்றும் காக்கப்படுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதில் சுமார் 700 பாடல்கள் இருந்ததாகப் பதிவுண்டு. அந்நூற்றாண்டின் இறுதியில் அதனைப் பற்றி எழுதிய கவிஞர் திலீப் சித்ரே எஞ்சியிருப்பதாகக் கூறியவை சுமார் 250.