ஸ்கை புளூ எஃப்.சி. – 2018 பருவம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த தொழில்முறை மகளிர் கால்பந்துக் கழகமான ஸ்கை புளூ எஃப்.சி., 2018ஆம் ஆண்டு தேசிய மகளிர் கால்பந்து லீகில் ஒன்பது அணிகளில் கடைசி இடம் பெற்றது. ஆடிய 24 ஆட்டங்களில் வெற்றி 1, சமன் 6, தோல்வி 17, புள்ளிகள் 9.

2017இல் 17 கோல்கள் அடித்து லீகில் முதலிடம் பிடித்த சாம் கெர், மூன்று கழகங்களுக்கிடையிலான வீராங்கனைப் பரிமாற்றத்தில் சிகாகோவுக்குச் சென்றார். கார்லி லாயிட் ஸ்கை புளூவுக்கு வந்தார். புதிய பயிற்சியாளர் டெனிஸ் ரெட்டியின் கீழ் அணி 23 ஆட்டங்கள் வெற்றியின்றித் தவித்தது. செப்டம்பரில், இறுதி ஆட்டத்தில் ஒர்லாண்டோ பிரைடை வென்றதே ஒரே ஆறுதல்.

பயிற்சி மைதானத்தில் குளியலறை வசதி இல்லாதது, வீராங்கனைகளுக்குத் தரப்பட்ட வீடுகளின் மோசமான நிலை ஆகியவை பருவத்தின் நடுவே செய்தியாகி, நிர்வாகம் கடும் விமர்சனத்துக்குள்ளானது. கழகம் 2021இல் கோத்தம் எஃப்.சி. எனப் பெயர் மாறியது. 2022இல் மீண்டும் கடைசி இடத்துக்குச் சரிந்து, 2023இல் லீக் சாம்பியன் பட்டம் வென்றது.