கையெழுத்து வைத்தவர் எங்கே?

சிறுபோகத்துக்கு முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் எப்படிக் கதைப்பார்கள் என்பது ஸ்கந்தபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். முன்னுக்கு அரசாங்க அதிபர், பக்கத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்கால் என்றைக்குத் திறப்பது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். போன போகத்தில் சொன்னது நடக்காவிட்டால் பின்வரிசையில் ஒருவர் எழும்புவார்: "ஐயா, அந்தத் திகதி நீங்கள்தானே தந்தது?" ஐயா பதில் சொல்லாமல் எழும்ப முடியாது. கமக்காரர் அமைப்பில் கூட்டக் குறிப்பு எழுதி வந்தவன் நான். யார் எதைச் சொன்னார் என்று பெயரோடு எழுதுவதுதான் என் வேலை. சுன்னாகத்து விவகாரத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

சுன்னாகம் இருக்கும் வலிகாமத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் இல்லை, எங்களுடையதைப் போலப் பெரிய குளமும் இல்லை. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அதுதான். கல்லுக்குள் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் ஒரு வளவில் ஊற்றியது அடுத்த ஊர்க் கிணற்றில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட நிலத்தில், சுன்னாகத்தில், யுத்தம் முடிந்த கையோடு, நொதேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெய் எரித்து மின்சார சபைக்கு மின்சாரம் விற்றது.

2013 நவம்பர் தொடங்கி 2014 நடுப்பகுதி வரை நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அந்தப் பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெய் அனுமதித்த அளவுக்கு மேல். சனம் வீதிக்கு இறங்கியது. பவுசரில் குடிதண்ணீர் வந்தது. அதன் பிறகு விரல் நீட்டும் படலம். மின்சார சபையின் பழைய கழிவெண்ணெய்தான் காரணம் என்றும் ஒரு வாதம் எழுந்தது. வடக்கு மாகாண சபை நிபுணர் குழுவை அமைத்தது. பயப்பட ஒன்றுமில்லை என்ற விதமாக அறிக்கை வந்தது. கிணற்றடியில் நின்ற சனத்துக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை.

2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 ஏப்ரல் 4இல் தீர்ப்பு: மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும். நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் காசு பாதிக்கப்பட்ட 500 பேர் வரைக்கும், ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமை தவறின என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் காசு கட்டியாக வேண்டியது நிறுவனம் மட்டும்.

இந்த வழியைத் திறந்துவிட்டது 2000ஆம் ஆண்டின் எப்பாவல தீர்ப்பு. அநுராதபுர மாவட்டத்தில் அமெரிக்க நிறுவனமொன்று பொஸ்பேற் அகழ இருந்தது. நிலம் இழக்கப்போன கமக்காரர் வழக்காடினார்கள். இயற்கை வளத்துக்கு அரசு சொந்தக்காரன் அல்ல, சனத்துக்காகக் காத்து வைத்திருப்பவன் என்ற கருத்தில் நின்று, முழு ஆய்வு செய்யாமல் ஒப்பந்தம் கூடாது என்றார் நீதியரசர் அமரசிங்க. பழைய குளங்களைக் கட்டியவர்களின் அறிவையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசியது. குளத்துத் தண்ணீரில் வாழும் எங்களுக்கு அது புதுச் சங்கதியல்ல.

2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. பிளாஸ்ரிக் குருணிகள் கரையை மூடின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தை 100 கோடி அமெரிக்க டொலர் கட்டச் சொன்னது. இம்முறை அப்போதைய இராஜாங்க அமைச்சர் ஒருவரும் கடல் மாசு தடுப்பு அதிகாரசபைத் தலைவரும்கூடக் கடமை தவறியவர்களாகத் தீர்ப்பில் வந்தார்கள். நிறுவனமோ அந்தத் தொகையைத் தர மறுத்தது.

எப்பாவலவில் வழக்கு, தோண்ட முன்னர் வந்தது, நிலம் தப்பியது. சுன்னாகத்தில், கிணறு கெட்ட பிறகு வந்தது. ஆளுக்கு நாற்பதாயிரம் மிஞ்சியது. நட்டஈட்டின் பெருப்பத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அனுமதி கொடுக்கும் நாளிலேயே, அந்தத் தண்ணீரைக் குடிக்கும் சனத்தின் முன்னால் அதிகாரியும் அமைச்சரும் முதலாளியும் வந்து இருக்க வேண்டும். யார் என்ன உறுதி தந்தார் என்று பெயரோடு எழுதி, அந்தக் குறிப்பின் பிரதியை ஊரவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு போகத்து நெல்லுக்கு நாங்கள் கேட்கிற கணக்கு அது. தலைமுறைக்கும் குடிக்கிற கிணற்றுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்க நியாயமில்லை.