ஒரு மார்க் கேள்வியில் விடுபட்ட பெயர்



முப்பத்திரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தினேன். நாளமில்லா சுரப்பிகள் பாடம் வந்தால் கரும்பலகையில் ஓர் ஆள் உருவம் வரைவேன். தலையில் பிட்யூட்டரி, கழுத்தில் தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி அட்ரினல், இரைப்பைக்குப் பின்னால் கணையம். கணையத்துக்கு இரட்டை வேலை. செரிமான நீரைக் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்பும். அதற்குள் ஆங்காங்கே கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இன்சுலினை நேரே ரத்தத்தில் விடும். "கண்டுபிடித்தவர்கள் பேண்டிங், பெஸ்ட். 1921. ஒரு மார்க். அடிக்கோடு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சுரப்பிக்குப் போய்விடுவேன்.

ஒரு வருடம், முன்பெஞ்சு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், அந்த மருந்தை முதல் தடவை போட்டப்ப சரியா வேலை செய்யலையாமே? லைப்ரரி புத்தகத்துல படிச்சேன்." "பரீட்சைக்கு அது வேண்டாம்மா, உட்காரு" என்றேன். எனக்குத் தெரியாது என்பதே உண்மை.

இப்போது மூன்று வருடமாகக் காலை இட்லிக்கு முன் எனக்கே இன்சுலின் ஊசி. அதனால்தான் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று 1889-லேயே ஜெர்மானியர்கள் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தச் சுரப்பைத் தனியே எடுக்கப் பலர் முயன்றும், மருந்தாகக் கொடுக்கும் அளவுக்கு யாருக்கும் கைகூடவில்லை. பேண்டிங் கனடாவில் ஓர் இளம் அறுவை மருத்துவர். கணையக் குழாயைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் செல்கள் வாடிவிடும், திட்டுகள் மட்டும் மிஞ்சும் என்பது அவர் யோசனை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாட் இடமும் நாய்களும் கொடுத்தார். மாணவர் பெஸ்ட் துணைக்கு வந்தார். 1921 கோடை முழுக்க அந்த வேலைதான். வேடிக்கை என்னவென்றால், குழாயைக் கட்டவே வேண்டியதில்லை, மாட்டின் முழுக் கணையத்தையே ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கலாம் என்று ஆண்டு முடிவதற்குள் அவர்களே கண்டுகொண்டார்கள்.

1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்சன், வயது 14, எடை முப்பது கிலோ கூட இல்லை. அக்காலத்தில் இதற்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. அதுவும் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான். அந்தப் பையனுக்குப் பேண்டிங்கும் பெஸ்ட்டும் எடுத்த சாற்றைப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்ததுதான் மிச்சம். நிறுத்திவிட்டார்கள். என் மாணவி படித்தது இதைத்தான்.

அந்தச் சமயத்தில் அதே குழுவில் ஜேம்ஸ் கோலிப் என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். முந்தைய மாதம்தான் சேர்ந்தவர். ஆல்கஹாலின் அடர்த்தியைப் படிப்படியாக ஏற்றினால் வேண்டாத புரதங்கள் முதலில் படிந்துவிடும், இன்சுலின் கடைசியில்தான் படியும் என்று கண்டுபிடித்தார். அவர் சுத்தம் செய்த சாற்றை ஜனவரி 23 அன்று அதே பையனுக்குப் போட்டார்கள். ரத்தச் சர்க்கரை 520-லிருந்து 120-க்கு இறங்கியது. தாம்சன் இன்னும் பதின்மூன்று வருடம் வாழ்ந்தார்.

உள்ளே சண்டைக்கும் குறைவில்லை. சுத்தம் செய்யும் முறையைக் கோலிப் சொல்ல மறுக்க, கைகலப்பு வரை போனதாம். 1923-இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும். பேண்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார், மெக்லியாட் கோலிப்புக்கு. காப்புரிமையை மட்டும் பேண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் ஒற்றுமையாக, ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

பேண்டிங்கைக் குறைத்துப் பேசவில்லை. அவர் பிடிவாதம் இல்லையென்றால் அந்த வேலை தொடங்கியே இருக்காது. ஆனால் கோலிப் பெயரை நான் ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். இதைப் படித்தால் ஒரு வரி எழுதும்மா. நீ கேட்டது சரியான கேள்வி.