55 பவுண்டு வெள்ளை சாக்ஸ்

பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். உடம்பு முழுக்கப் பழைய பியானோக் கட்டையின் வெளிர்மஞ்சள் வெண்மை. அதன்மேல் பொன்னிறத்தில் கீகள், கம்பிகள், மூடிகள். கத்ரி கோபால்நாத் வாசித்தாரே, அதே ஆல்டோ சாக்ஸபோன்தான். அவருடையது பித்தளை, இது பிளாஸ்டிக். பெயர் கிராஃப்டன்.

லண்டனில் பிறந்த வாத்தியம் இது. உருவாக்கியவர் ஹெக்டர் சொம்மாருகா என்ற இத்தாலியர். ஊரில் எத்தோரேயாக இருந்தவர் லண்டனில் ஹெக்டர் ஆனார். பட்டறை இருந்த கிராஃப்டன் வே தெருவின் பெயரையே வாத்தியத்துக்கும் வைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் அது. ஸ்பிட்ஃபயர் விமானத்தில் விமானியின் தலைக்குமேல் கவிழ்த்த கண்ணாடி போன்ற மூடி அக்ரிலிக்கால் ஆனது. அதே இனத்துப் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்துவிட்டால், பித்தளைத் தகட்டை அடித்து, வளைத்து, பற்றவைக்கும் வேலை மிச்சம். 1950இல் கடைக்கு வந்தபோது விலை 55 பவுண்டு. நல்ல பித்தளை சாக்ஸின் விலையில் ஏறக்குறையப் பாதி.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. பித்தளை என்றால் உடம்பின்மேல் சின்னச் சின்னத் தூண்களைப் பற்றவைத்து, ஊசி போன்ற ஸ்பிரிங்குகளைச் செருகிவிடலாம். பிளாஸ்டிக்கில் எங்கே பற்றவைப்பது? ஸ்பிரிங் ஏற்பாட்டையே சொம்மாருகா புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. மற்ற சாக்ஸில் கை பழகியவர்களுக்கு இதன் கீகள் மெத்தென்று பட்டன. கீழே போட்டால் பித்தளை நசுங்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். இது விரிசல் விடும்.

ஒலி எப்படி என்பார்கள். சாக்ஸின் குரல் பெரும்பாலும் ரீடிலும் மவுத்பீஸிலும் உள்ளே அதிரும் காற்றிலும் வாசிப்பவரின் உதட்டிலும்தான் இருக்கிறது. ஒரு சீவாளிக்காக நாகஸ்வரக்காரர் எவ்வளவு மெனக்கெடுவார் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் கிராஃப்டனுக்கு முகம் கொடுத்தவர் சாக்ஸ் கலைஞர் ஜான் டேங்க்வொர்த். 1948இல் லண்டன் சோஹோவின் ஓர் ஒத்திகை அறையில் 10 வாத்தியக்காரர்களும் ஒரு மேனேஜருமாகச் சேர்ந்து கிளப் நடத்தினார்கள். மொத்தம் 11 பேர், ஆகவே கிளப் லெவன். டேங்க்வொர்த்தும் ரானி ஸ்காட்டும் அந்தப் பதினொருவரில் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பீபாப் இசையை லண்டன்காரர்கள் ஊதிப் பழகிய இடம் அது. அவர்களுக்கெல்லாம் குலதெய்வம் அமெரிக்க ஆல்டோக்காரர் சார்லி பார்க்கர்.

அந்தப் பார்க்கரின் கைக்கே ஒரு கிராஃப்டன் போய்ச் சேர்ந்தது. எப்படி என்பதற்கு இரண்டு கதைகள். தன்னுடைய சாக்ஸை அடகுக்கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கனடாவின் டொரான்டோவுக்குக் கச்சேரிக்கு வந்தார், கிடைத்ததை வாங்கி ஊதினார் என்பது ஒன்று. வேறொரு கம்பெனியோடு அவருக்கிருந்த ஒப்பந்தம் அமெரிக்காவுக்குள்தான் செல்லும், எல்லை தாண்டினால் எதையும் ஊதலாம் என்பது மற்றது. அடகுக் கதைதான் அதிகம் பரவியிருக்கிறது. கலைஞன் என்றால் அடகு வைத்திருக்க வேண்டும் என்று நமக்கும் ஓர் ஆசை உண்டே.

1953 மே 15 இரவு, டொரான்டோவின் மாஸி ஹால். மேடையில் ஐவர்: பார்க்கர், டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லஸ்பி, பியானோவில் பட் பவல், பேஸில் சார்ல்ஸ் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். ஜாஸ் உலகம் இன்றுவரை வெறுமனே ‘தி குவின்டெட்’ என்றால் இந்த ஐவரைத்தான் குறிக்கும். ஆனால் ஹால் நிறையவில்லை. அதே இரவில் சிகாகோவில் ராக்கி மார்சியானோவுக்கும் ஜெர்ஸி ஜோ வால்காட்டுக்கும் ஹெவிவெயிட் குத்துச்சண்டை. முதல் சுற்றிலேயே முடிந்துபோன அந்தச் சண்டைக்காக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

மிங்கஸும் ரோச்சும் சேர்ந்து நடத்திய டெபியூ நிறுவனம் அதை இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. பேஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பிறகு ஸ்டுடியோவில் தன் பகுதியைத் திரும்ப வாசித்துச் சேர்த்தார். உறையில் பார்க்கரின் பெயர் இல்லை. ஒப்பந்தச் சிக்கலால் ‘சார்லி சான்’ என்று போட்டார்கள். சான் என்பது அவருடைய துணைவியின் பெயர். ‘சால்ட் பீனட்ஸ்’ உருப்படியில் கில்லஸ்பி உப்புக்கடலை என்று கூவுகிறார். அந்தக் கலகலப்புக்குள் பார்க்கரின் சாக்ஸ் புகுந்து எடுக்கும் ஓட்டத்தை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இது பிளாஸ்டிக் என்று பிரித்துச் சொல்ல என் காதுக்குத் தெரியவில்லை.

பார்க்கர் 1955இல் 34 வயதில் இறந்தார். கிராஃப்டன் சானிடம் தங்கியது.

1959 அக்டோபர் 30 அன்று ரானி ஸ்காட் லண்டன் ஜெரார்ட் தெரு 39ஆம் எண்ணின் நிலவறையில் தன் கிளப்பைத் திறந்தார். திறப்பு விழாவில் வாசித்தவர்களில் பீட்டர் கிங் என்ற 19 வயது ஆல்டோக்காரரும் இருந்தார். பார்க்கரின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே வாசிப்பு பழகிய பையன். அதன்பிறகு பிரிட்டிஷ் ஜாஸ் கிளப்புகளிலேயே அவருக்குத் தலை நரைத்தது.

சான் தன் சேகரிப்பை 1994 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டிஸில் ஏலத்துக்கு விட்டபோது, வெள்ளை சாக்ஸ் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது. அதை ஏலக்கூடத்தில் ஊதிக்காட்டக் கூப்பிட்டது பீட்டர் கிங்கைத்தான். அப்போது அவருக்கு 54. பார்க்கரின் விரல்கள் அழுத்திய கீகளில் தன் விரல்களை வைத்தார். அது 93,500 பவுண்டுக்கு ஏலம் போனது. கடை விலைக்குச் சரியாக 1,700 மடங்கு. வாங்கியது பார்க்கர் வளர்ந்த கான்சஸ் சிட்டி நகரம். 1997இல் அங்கே திறந்த ஜாஸ் அருங்காட்சியகத்தில், ஊத ஆளில்லாமல், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

1959இல் ரானி ஸ்காட் கிளப் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இன்னொரு கிராஃப்டன் மேடை ஏறியது. ஊதியவர் ஆர்நெட் கோல்மன். 1954இல் கையில் காசில்லாமல், மலிவு என்பதற்காகவே லாஸ் ஏஞ்சலிஸில் அதை வாங்கியிருந்தார். வாசிப்பைக் கேட்ட பாதிப் பேர் இது சங்கீதமா என்றார்கள். மீதிப் பேர் இனி இதுதான் சங்கீதம் என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பேசிய நிகழ்ச்சி பத்து வாரம் ஓடியது. 1959இல் வெளிவந்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ உறையில் அந்த வெள்ளை சாக்ஸை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். வாத்தியத்தைக் கேலி செய்தவர்களுக்கு அது ‘பிளாஸ்டிக் சாக்ஸ்காரர்’ என்று பட்டம் சூட்டவும் வசதியாகப் போனது.

1960களின் பிற்பகுதியில் கிராஃப்டன் தயாரிப்பு நின்றது. அச்சுகளையும் கருவிகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கோல்மன் வயதான பிறகும் மேடையில் வெள்ளை சாக்ஸோடுதான் நின்றார். ஆனால் அது செல்மர் கம்பெனியின் பித்தளை. மேலே வெள்ளைப் பூச்சு.